கழுத்துக் கட்டி கேஸில் காட்டரி: உங்கள் பயம் சரிதான்

கழுத்துக் கட்டி ஆபரேஷனில் காட்டரி (மின்சூட்டால் திசுவை வெட்டும் கருவி) வைத்தால் தீப்பிடிக்குமோ என்று நீங்கள் பயந்து கேட்டபோது, எரியக்கூடிய பழைய மயக்க மருந்தான ஈதரே இல்லாத ஆபரேஷன் தியேட்டரில் தீ எப்படி வரும் என்று சீனியர் உங்களை அடக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஈதரும், அதேபோல் எரியும் மயக்க வாயுவான சைக்ளோபுரொப்பேனும் போய்விட்டது உண்மை. இப்போதைய மயக்க மருந்தான செவோஃப்ளூரேன் நாம் கொடுக்கும் அளவில் எரியாது. ஆனால் நீங்கள் சொன்ன கேஸில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், கழுத்தில் ஸ்பிரிட் கலந்த குளோரெக்சிடின் (கிருமிநாசினி), பக்கத்திலேயே காட்டரி. தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

ஸ்பிரிட் காய குறைந்தது 3 நிமிடம் விடுங்கள். முடியில் ஊறினால் 1 மணி நேரம்கூட ஆகலாம். தோளுக்கடியில் வழிந்து தேங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நனைந்த துணியை உருவிவிட்டுத்தான் டிரேப் (நோயாளியை மூடும் சுத்தமான விரிப்பு) போட வேண்டும். டிரேப்புக்குள் ஆக்சிஜனும் தேங்கும். 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தேவையென்றால் மாஸ்க் போதாது, மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது பற்றி மயக்க மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். தீப்பிடித்தால் உடனே ஊற்ற, டிராலியில் ஒரு கிண்ணம் சலைன் (உப்பு நீர்) இருக்கட்டும்.