ஒரே மின் இணைப்பில் பல சர்வர்கள் ஓடும்போது வாட் வரம்பை எப்படிப் பங்கிடுவது?

ஊட்டியில் ஒரு சிறிய சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். முதலில் பிரேக்கருக்கு ஒரு வரம்பு வையுங்கள். சர்வர்களின் வரம்பு அதிலிருந்து வரட்டும்.

230 வோல்ட், 32 ஆம்பியர் இணைப்பு என்றால் 7,360 வாட். தொடர்ந்து ஓடும் சுமைக்கு அதில் 80 சதவீதத்தோடு நிறுத்துவது வழக்கம், அதாவது சுமார் 5,900 வாட். இதை 12 சர்வருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 490. ஆனால் பாதி சர்வர்கள் 200 வாட்டில் சும்மா கிடக்கும். பெரிய கணக்கு ஓடும் இரண்டோ 600 கேட்டும் கிடைக்காமல் மெதுவாகும். மொத்தத்தில் தாராளமாக இடமிருந்தும் வேலை தாமதமாவது எனக்குப் பொறுக்காது.

சர்வர்களின் மின்நுகர்வைக் கட்டுப்படுத்த ஃபேஸ்புக் 2016இல் விவரித்த டைனமோ முறையைப் படியுங்கள். சில விநாடிக்கு ஒருமுறை எல்லா சர்வரின் நுகர்வையும் கூட்டிப் பார்க்கும். மேல் எல்லையைத் தொட்டால் முக்கியம் குறைந்த சேவையில், அதிலும் அதிகம் இழுக்கும் சர்வருக்கு முதலில் வரம்பு போடும். நுகர்வு இன்னொரு கீழ் எல்லைக்கு இறங்கிய பிறகுதான் விடுவிக்கும். ஒரே எல்லை வைத்தால் வரம்பு போடுவதும் எடுப்பதுமாக ஆடிக்கொண்டே இருக்கும். சிறிய மிகைச்சுமைக்கு பிரேக்கர் உடனே விழாது, அதனால் இந்த வேகம் போதும்.

அளவை பவர் சப்ளையில் எடுங்கள். இன்டெல் சிப் தன் நுகர்வைத் தானே சொல்லும் ஆர்.ஏ.பி.எல். கணக்கில் விசிறி வராது. மலையில் இது முக்கியம். குளிர்தானே என்று நினைப்பார்கள், ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி குறைவு. அதே வெப்பத்தை அள்ள அதிகக் காற்று ஓட வேண்டும், விசிறி வேகமாகச் சுழலும், வேகத்தின் முப்படியாக மின்செலவு ஏறும். குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் வழிகாட்டிப்படி ஏ2 வகை சர்வருக்கே 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும், உள்ளே போகும் காற்றின் 35 டிகிரி உச்சவரம்பில் ஒரு டிகிரி குறைக்க வேண்டும்.

சர்வருக்கு இரண்டு இணைப்பு இருந்தால் வரம்பை இரட்டிப்பாக்காதீர்கள். ஒன்று போனால் மொத்தச் சுமையும் மற்றதன் மேல் விழும்.

அப்புறம், பங்கிடும் நிரலே நின்றுபோகலாம். அப்போது ஒவ்வொரு சர்வரின் பி.எம்.சி.யும் (சர்வரைக் கண்காணிக்கும் தனிச் சிப்) தானாகச் சமப் பங்கு வரம்புக்குத் திரும்பும்படி அமைத்து, நிரலை வேண்டுமென்றே நிறுத்தி ஒருமுறை சோதித்துவிடுங்கள்.