வீட்டுத் தையல் மெஷினில் குயில்ட் வைத்த டயப்பர் பை தைக்க முடியுமா? குயில்ட் போட்டதும் துணி கோணிக்கொண்டு சுருங்கிவிடுகிறதே?

தாராளமாக முடியும். "எல்லாம் அளவாத்தான் வெட்டினேன், குயில்ட் போட்டதும் சின்னதாயிடுச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு அங்கேதான். குயில்ட் போட்டு, அதாவது துணியோடு பஞ்சு அடுக்கைச் சேர்த்து வரிவரியாகத் தைத்து, முடித்த பிறகுதான் அளவுக்கு வெட்ட வேண்டும்.

ஒவ்வொரு தையல் வரியும் பஞ்சை அமுக்கி, துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். வாடிங் (உள்ளே வைக்கும் பஞ்சு அடுக்கு) தடிமனைப் பொறுத்து அகலத்தில் அரை அங்குலம், ஒரு அங்குலம்கூடப் போகும். அதனால் நான்கு பக்கமும் ஓர் அங்குலம் கூட வைத்து வெட்டுங்கள். அதற்கும் முன்னால் காட்டன், கேன்வாஸ், காடா எதுவானாலும் ஒரு தடவை தண்ணீரில் அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். இதை விட்டால் பை தைத்த அன்று நன்றாக இருக்கும், முதல் துவைப்பில் மேல்துணி சுருங்கி, சுருங்காத பாலியஸ்டர் லைனிங் உள்ளே தொளதொளவென்று நிற்கும்.

கோணுவதற்குக் காரணம் வேறு. மெஷினின் பற்கள் அடித்துணியை நகர்த்துகின்றன, மேலே துணியை அமுக்கும் ஃபுட் மேல்துணியைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு வரியை மேலிருந்து கீழாகவும் அடுத்ததைக் கீழிருந்து மேலாகவும் தைத்தால் மேல்துணி இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளப்பட்டு, வரிகளுக்கு நடுவே சாய்ந்த சுருக்கம் விழும். முதல் வரியை நடுவில் போட்டு, அடுத்தடுத்த வரிகளை ஓரத்தை நோக்கிப் போட்டுக்கொண்டே போங்கள், எல்லா வரியும் ஒரே திசையில் இருக்கட்டும். ஊக்குகளை நான்கு விரல் இடைவெளியில் குத்துங்கள். தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர், ஊசி 16ஆம் நம்பர். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் உங்கள் மெஷினுக்குப் பொருந்தினால் நல்லது. பொருந்தாவிட்டால், ஃபுட்டுக்கு மேலே தலைப்பகுதியில் இருக்கும் அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

அளவுக்கு வருவோம். பை முடிந்த பிறகு அகலம் 14, உயரம் 12, அடிப்பாகம் 5 அங்குலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அரை அங்குலம் தையலுக்கு விட்டால் ஒரு பக்கத் துணி 20க்கு 15.5. அதாவது 14 + அடிக்கு 5 + தையலுக்கு 1. உயரத்தில் 12 + அடியில் பாதி 2.5 + தையலுக்கு 1. குயில்ட் போடுவதற்கு முன் இதை 22க்கு 17.5 ஆக வெட்டுங்கள். 44 அங்குலப் பன்னாவில் ஒரு மீட்டர் எடுத்தால் இரண்டு பக்கமும் வந்து, பாக்கெட்டுக்கும் மிஞ்சும். யானை, ஒட்டகம் அச்சிட்ட துணி என்றால் தலை எந்தப் பக்கம் என்று பார்த்து வெட்டுங்கள்.

பைக்குத் தட்டையான அடி வர, கீழ் மூலைகளில் வெட்டி எடுக்கும் சதுரம் 2.5 அங்குலம், அடி அளவில் சரிபாதி. "அஞ்சு அங்குல அடி வேணும், அஞ்சு அங்குலச் சதுரம்" என்று வெட்டினால் அடி பத்து அங்குலமாகிவிடும். பை மீன்கூடை மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

பால் பாட்டில் பாக்கெட்டை லைனிங்கில், கீழ் விளிம்பிலிருந்து 3 அங்குலம் மேலே தையுங்கள். அதற்குக் கீழே வருவது பையின் அடியாக மடங்கும் பகுதி. அங்கே தைத்தால் பாட்டில் படுத்துவிடும். பாட்டிலின் குறுக்களவு இரண்டரை அங்குலம் என்றால் சுற்றளவு 8க்குக் கொஞ்சம் குறைவு. லைனிங்கில் 4 அங்குல இடம், பாக்கெட் துணி 6 அங்குலம். மிச்சமுள்ள 2 அங்குலத்தைக் கீழே இரண்டு மடிப்பாகவும், மேலே எலாஸ்டிக் கோத்தும் அடக்குங்கள். துணியையும் 4ஆகவே வெட்டினால் பாட்டில் உள்ளே போகவே போகாது.

லைனிங்கை மேல்துணியின் அதே அளவில் வெட்டலாம். ஆனால் பக்கத் தையலை அரைக்குப் பதில் 5/8 அங்குலத்தில் போடுங்கள். அப்போதுதான் உள்ளே தொங்காது. தைத்த பையை உள்பக்கத்திலிருந்து வெளியே திருப்புவதற்கு லைனிங் அடியில் 7, 8 அங்குலம் திறப்பு விடுங்கள். குயில்ட் பை நாலு அங்குலத் திறப்பில் வெளியே வராது, இழுத்தால் தையல்தான் பிரியும்.

வீடியோக்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். துணியைத் தடவித் தடவிக் காட்ட ஐந்து நிமிஷம். எட்டு மடிப்புத் துணி சேரும் மூலை வந்ததும் பாட்டுப் போட்டு ஓட்டிவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு ஊசி உடைவது அங்கேதானே! அந்த இடத்தில் தையலுக்கு விட்ட துணிக்குள் இருக்கும் வாடிங்கை முதலில் கத்தரித்து எடுங்கள். மூலையை மரப்பலகையில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். 18ஆம் நம்பர் ஊசி மாட்டி, மோட்டாரை விட்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஃபுட் மேட்டில் ஏறிச் சாயும்போது, அதன் பின்பக்கம் அதே உயரத்துக்கு மடித்த துணியை வைத்தால் சமமாகிவிடும்.

டயப்பர் மாற்றும் விரிப்பு 27க்கு 18 போதும். காட்டனையும் வாடிங்கையும் மட்டும் சேர்த்துக் குயில்ட் போடுங்கள். ரப்பர் ஷீட்டையோ ரெக்ஸினையோ கடைசியில் வைத்து ஓரத்தில் மட்டும் தையுங்கள். நடுவில் குத்திய ஒவ்வொரு ஊசி ஓட்டையும் ஒழுகும், அது மூடிக்கொள்ளாது. அதனால் ஊக்கும் வேண்டாம், துணி காயப்போடும் கிளிப் போதும். ஃபுட் ரெக்ஸினில் ஒட்டிக்கொண்டால் மேலே பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

தோள்பட்டைக்கு ஒன்றரை அங்குல நாடா. ஜிப் 5ஆம் நம்பர். குஷன் உறைக்குப் போடும் 3ஆம் நம்பர், நிறைந்த பைக்குத் தாங்காது. நாடாவின் முனையில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டுத் தையுங்கள். ஒற்றை வரித் தையலை நம்பிக் குழந்தைச் சாமானைத் தொங்கவிடாதீர்கள்.

"கடையிலேயே கிடைக்குதே, எதுக்கு இவ்வளவு பாடு?" என்பவர்கள் வருவார்கள். கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டவர் தைப்பது எப்படி என்றுதான் கேட்டார். வாடிங் வாங்க வேண்டாம் என்றால் பழைய காட்டன் சேலையை நான்காக மடித்து வைக்கலாம். வங்காளத்துக் காந்தா விரிப்புகள் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டவைதான். புசுபுசுவென்று இருக்காது, ஆனால் சீக்கிரம் காயும்.

ஓரத்தில் வெட்டி எடுத்த குயில்ட் துண்டுகளை எறியாதீர்கள். பக்கத்தில் பக்கம் வைத்து ஜிக்ஜாக் தையல் போட்டால் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி ஆகும், உள்ளே இருப்பது காட்டன் என்றால் மட்டும். பாலியஸ்டர் வாடிங் சூட்டில் இளகிவிடும். துணி வெட்டும் கத்தரிக்கோலை வீட்டில் பால் பாக்கெட் வெட்ட எடுக்கிறார்கள் என்றால், பாக்கெட்டுக்குத் தனிக் கத்தரிக்கோல் வாங்கி அடுப்படியில் ஆணி அடித்து மாட்டிவிடுங்கள். சொல்லிப் புரியவைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.