கருகலில் தப்பிய உருளைச் செடியை விதைக்கு வைக்கலாமா?

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "கார்போகத்தில் குஃப்ரி ஜோதி போட்டிருந்தேன். மழை விடாமல் பிடித்ததும் சில நாளில் தோட்டமே கருகிவிட்டது. நடுவில் நாலைந்து செடி மட்டும் பச்சையாக நின்றது. அதன் கிழங்கைத் தனியாக எடுத்துப் பெருக்கினால் கருகல் வராத ரகம் கிடைக்குமா? அந்தச் செடிகளில் சின்னத் தக்காளி மாதிரிக் காயும் பிடித்திருக்கிறது. அதன் விதையைப் போடலாமா?"

முதலில் கிழங்கு. அனேகமாகக் கிடைக்காது. குஃப்ரி ஜோதி 1968-ல் வெளியான ரகம். அன்று முதல் கிழங்கை வெட்டி நட்டு, அதில் வந்த கிழங்கை மறுபடி நட்டே வந்திருக்கிறோம். ஒரு தாய் வாழையின் கன்றுகளைப் போல, உங்கள் தோட்டத்தில் நின்ற ஜோதியும் கருகிய ஜோதியும் மரபில் ஒன்றேதான். தப்பிய செடி மேட்டில் இருந்திருக்கலாம், காற்றோட்டத்தில் இலை சீக்கிரம் காய்ந்திருக்கலாம், மருந்து அடிப்பக்கம் வரை பட்டிருக்கலாம். அடுத்த மழையில் அதுவும் போகும். நோய் விழுந்த தோட்டத்துக் கிழங்கில் பூசணம் தங்கி, விதையோடு அடுத்த போகத்துக்கும் வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அரிதாக, ஒரு செடியின் மரபணுவே மாறியிருக்கலாம். அதை நம்பி நிலத்தை ஒதுக்க வேண்டாம். அதைவிட நடக்கக்கூடியது கலப்பு. வாங்கிய விதைமூட்டையில் வேறு ரகம் நாலு கிழங்கு கலந்திருப்பது அதிசயமில்லை. ஜோதிக்குப் பூ வெள்ளை. தப்பிய செடியின் பூ, இலை, கிழங்கின் வடிவம், கண்ணின் ஆழம் எல்லாவற்றையும் பக்கத்துச் செடியோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால், அது ஏற்கனவே உள்ள எதிர்ப்பு ரகமாக இருக்க வாய்ப்புண்டு. அதுவும் கருகிய தோட்டத்தில் விளைந்ததுதான் என்பதால், அதைப் பெருக்குவதைவிட என்ன ரகம் என்று விசாரித்துச் சுத்தமான விதை வாங்குவது மேல்.

இனி காய். நம் உருளைக்குக் குரோமோசோம் 48, அதாவது நான்கு தொகுதி. அதனால் ஒரு காய்க்குள் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட விதைகளில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. நாற்று விட்டால் முதல் ஆண்டு கோலிக்குண்டு அளவில்தான் கிழங்கு வரும். ஆனால் பெரிய சிக்கல் வேறு. ஜோதி தன் மகரந்தத்தாலேயே காய்த்திருந்தால், அதில் இருப்பது ஜோதியின் மரபணுக்கள் மட்டுமே. இல்லாத எதிர்ப்பு எங்கிருந்து வரும்? அதற்காகத்தான் சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் குஃப்ரி மலையில் வேறு வேறு பெற்றோரைக் கலக்கிறது. ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தொடங்கி, கழித்துக் கழித்து, ஒரு ரகம் வெளிவரப் பத்தாண்டுக்கு மேல் ஆகிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு: கருகலைத் தாங்கும் குணமும் பிந்தி முதிரும் குணமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பச்சையாக நிற்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தால், செடி தழைத்து நிற்கும், அடியில் கிழங்கு சிறுத்திருக்கும். (அந்தக் காயைக் குழந்தைகள் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நச்சு உண்டு.)

ஜோதியும் கருகலைத் தாங்கும் ரகம் என்றுதான் வந்தது. அந்தக் காலத்தில் மெக்சிகோவின் காட்டு உருளையான சொலானம் டெமிசத்திலிருந்து ஆர்-1 முதல் ஆர்-11 வரை எதிர்ப்பு மரபணுக்களை எடுத்துப் பல நாடுகளில் ரகங்களில் ஏற்றினார்கள். ஒரே மரபணுவை நம்பிய எதிர்ப்பு அருமையாக வேலை செய்தது, நோய்க்கிருமி மாறும் வரை. மெக்சிகோவின் டொலூகா பள்ளத்தாக்கில் வேலை செய்த தாவர நோய் ஆய்வாளர் ஜான் நீடர்ஹவுசர் போன்றவர்கள் அதனால்தான் பல மரபணுக்கள் சேர்ந்து தரும் 'வயல் எதிர்ப்பு' பக்கம் போனார்கள். அதில் நோய் வரும், ஆனால் மெதுவாகப் பரவும். சொலானம் பல்போகாஸ்டானம் என்ற இன்னொரு காட்டு இனம் நம் உருளையோடு நேரடியாகக் கலக்காது. இடையில் வேறு இனங்களைப் பாலமாக வைத்து அதன் எதிர்ப்பை நெதர்லாந்தில் ஒரு ரகத்துக்குள் கொண்டுவர நாற்பதாண்டுக்கு மேல் பிடித்தது.

கிருமியைப் பற்றி ஒன்று. கருகலைக் கொண்டுவரும் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸை நாம் பூசணம் என்று சொன்னாலும், அது பாசி இனங்களுக்குத்தான் நெருக்கம். அதனால் கார்பென்டசிம் என்ற பூசண மருந்தை அடித்துப் பயனில்லை, காசுதான் வீண். ஐரோப்பாவில் பரவிய '13-ஏ2' என்ற கிருமி வகை தென்னிந்தியாவுக்கும் வந்து தக்காளியையும் உருளையையும் தாக்கியிருக்கிறது. அதற்குக் கருகல் மருந்தான மெட்டலாக்சிலும் கேட்பதில்லை.

ஆக, ரகத்தை மாற்றுங்கள். மலைக்கு வெளியான குஃப்ரி கிர்தாரி (2008), குஃப்ரி ஹிமாலினி (2006) இரண்டும் கருகலை நன்றாகத் தாங்குபவை. ஆனால் நீலகிரி மண்ணில் 1961-லேயே உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கருகலை மட்டும் பார்த்து ரகம் எடுப்பது நமக்குச் சரிப்படாது. ஊட்டி பக்கம் முத்தோரையில் உள்ள அதே நிறுவனத்தின் நிலையத்தில் உருவான குஃப்ரி சுவர்ணா (1985) கருகல், நூற்புழு இரண்டையும் தாங்கும். அதற்குப் பின் குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி வந்திருக்கின்றன. எந்த விதை கைவசம் இருக்கிறது என்று முத்தோரையில் கேளுங்கள். மண்ணைச் சோதித்து நூற்புழு இல்லை என்று தெரிந்தால் கிர்தாரியையும் யோசிக்கலாம்.

முதல் போகத்திலேயே முழுத் தோட்டத்தையும் மாற்றிவிடாதீர்கள். பாதியில் புது ரகம், பக்கத்தில் ஜோதி. ஜோதி கருகாத ஆண்டில் புது ரகம் பச்சையாக நின்றது என்று பெருமைப்பட ஒன்றுமில்லை, நோய் வந்த ஆண்டில்தான் தெரியும். எதிர்ப்பு ரகத்துக்கும் மழை பிடிக்கும் முன் மேங்கோசெப் மருந்தை ஒரு தடவை தெளிப்பது நல்லது. செலவு மிச்சமாவது அடுத்தடுத்த தெளிப்புகள் குறைவதில்தான். இலை தாங்குகிறது என்பதற்காகக் கிழங்கும் தாங்கும் என்று அர்த்தமில்லை. மண் அணைப்பதை விடாதீர்கள், தோண்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே தழையை அறுத்து அப்புறப்படுத்துங்கள்.

மேட்டுப்பாளையம் மண்டியில் புது ரகத்தின் நிறமும் வடிவமும் எடுபடுமா என்று, நடும் முன்பே உங்கள் கமிஷன்காரரிடம் நாலு கிழங்கைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.