இரணைமடுவில் கொக்கனி ஓடுமா?

கேள்வி (கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர்): வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்திருந்த மாமாவின் மகன், திரும்பிக் கனடா போகும்போது ஒரு பெட்டி நிறையத் தூண்டில் சாமான்களை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அங்கே ஒக்கனகன் ஏரியில் கூட்டாளிகளோடு படகில் போய், படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டிலை இழுத்து, கொக்கனி என்கிற சாமன் மீன் பிடிப்பாராம். ட்ரோலிங் என்று சொன்னார். நாங்கள் நாலு பேர் இரணைமடுவில் அதே மாதிரிச் செய்து பார்க்கலாமா? அந்த மீனையே இங்கே கொண்டுவந்து விட முடியாதா?

பதில்: தம்பி, முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு சாண் நீளத்துக்குக் குறைவாக, கொஞ்சம் வளைந்த பளபளப்பான தகடுகள் இருக்கும். டொட்ஜர் என்பது அதுதான். அதில் முள் இருக்காது. தண்ணிக்குள் இழுபடும்போது இடமும் வலமுமாக ஆடி மினுங்கி, தூரத்தில் நிற்கிற மீனைக் கூப்பிடுவது மட்டும்தான் அதன் வேலை. அதற்குப் பின்னால் ஒரு அடி, அதற்கும் குறைவான தங்கூசியில், ரோஸ் நிறத்தில் விரல் நுனி அளவு றப்பர் கணவாய்க் குஞ்சு ஒன்றும் முள்ளும் வரும். முள்ளில் ஒரு வெள்ளைச் சோளன் விதையைக் குத்துவார்கள், சிலர் அந்தச் சோளனை ரின்மீன் எண்ணெயில் ஊறப்போட்டும் கொண்டுபோவார்கள். கொக்கனி மற்ற மீன்களைத் துரத்தித் தின்கிற சாதி அல்ல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தண்ணியில் மிதக்கிற சிற்றுயிர்களைத் தின்று வளர்வது. அப்படிப்பட்ட மீன் ஏன் சோளனைக் கடிக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பசியை விட எரிச்சலில்தான் கடிக்கிறது என்று அதைப் பிடிக்கிறவர்களே சொல்வார்கள். கண்ணுக்கு முன்னால் ஒன்று ஆடிக்கொண்டே போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

பெட்டிக்குள் இல்லாத சாமான் ஒன்றும் உண்டு, மாமாவின் மகன் அதை விமானத்தில் கொண்டுவந்திருக்க மாட்டார். டவுன்றிகர். படகின் ஓரத்தில் பூட்டுகிற ஒரு கம்பிச் சுருள், அதன் நுனியில் மூன்று நான்கு கிலோ ஈயக்குண்டு. தூண்டில் நூலை அந்தக் கம்பியில் ஒரு கிளிப்பால் கொழுவி, குண்டை வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். மீன் கடித்தால் கிளிப் கழன்றுவிடும், பாரம் இல்லாமல் மீனை மட்டும் இழுத்தெடுக்கலாம். இவ்வளவு பாடு எதற்கு என்றால், கொக்கனிக்குக் குளிர் வேண்டும். 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரை அதற்குச் சுகமான தண்ணி. நம்முடைய ஆழக் கிணற்றில் முங்கினால் தலைக்கு இளஞ்சூடும் காலுக்குக் குளிருமாக இருக்குமே, அந்த ஏரிகளில் கோடையில் அதுவே பெரிய அளவில் நடக்கிறது. மேலே வெயிலில் சூடான தண்ணி ஒரு படையாக மிதக்கும், கீழே குளிர்ந்த தண்ணி தனிப் படையாகக் கிடக்கும், இரண்டும் லேசில் கலக்காது. இளவேனிலில் மேலேயே சுற்றித் திரிகிற கொக்கனி, ஆடி மாதத்தில் அந்தக் குளிர்ப் படையைத் தேடிப் பதினைந்து, இருபது மீற்றருக்கு இறங்கிவிடும். எதிரொலிக் கருவியில் அது எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்து, குண்டை அதற்குக் கொஞ்சம் மேலே நிறுத்துவார்கள். மீன் மேலே பார்த்துக்கொண்டு நிற்கும், கீழே போன தூண்டிலை அது கவனிக்காது.

இப்போது இரணைமடுவுக்கு வாருங்கள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய, வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம். மார்கழியில் வான் கதவு திறக்கிற நிலைக்கு நிரம்பினாலும் கணக்கு 36 அடிதான், அதாவது சுமார் 11 மீற்றர். கோடைக் கொக்கனி நிற்கிற ஆழத்துக்கு ஈயக்குண்டை இறக்கினால் இரணைமடுவின் அடியைத் துளைத்துக்கொண்டு இன்னும் கீழே போகவேண்டியிருக்கும். சிறுபோகத்துக்குத் துருசு திறந்த பிறகு தண்ணி இன்னும் வற்றும், மேல்தண்ணி 30 பாகையைத் தொடும். அந்தச் சூட்டில் கொக்கனி உயிரோடு நிற்காது. வெள்ளைக்காரன் 1880களில் குளிர்நாட்டு ட்ரவுட் மீனைக் கொண்டுவந்தபோது நுவரெலியாப் பக்கத்து மலை ஓடைகளுக்குக் கொண்டுபோனதும் அதனால்தான். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் அது இன்றும் இருக்கிறது.

தாக்குப் பிடிக்கக்கூடியதாக இருந்தாலும் கொண்டுவர வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒக்கனகன் ஏரியின் கதையே போதும். கொக்கனி நன்றாகக் கொழுக்கட்டும் என்று நினைத்து 1966-ல் ஒரு வகைச் சின்ன இறாலை அந்த ஏரியில் விட்டார்கள். அந்த இறால் பகலில் இருட்டான அடித்தண்ணியில் பதுங்கிக்கொண்டு, இரவில் மேலே வந்து கொக்கனியின் சாப்பாட்டைத் தின்றது. கொக்கனியோ பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து மேய்கிற மீன், இறால் அதன் வாயில் அகப்படவே இல்லை. மீன் குறைந்துகொண்டே போய், 1995-ல் கொக்கனி பிடிப்பதையே அங்கே நிறுத்தினார்கள், பிறகு மெல்ல மெல்லத்தான் திறந்தார்கள். விருந்தாளிக்கு வைத்த சோற்றை வேலைக்கு வந்தவன் தின்ற மாதிரி. எங்கள் குளங்களிலும் 1952-ல் வந்திறங்கிய ஒரு வெளிநாட்டான் இருக்கிறான், நாங்கள் யப்பான் மீன் என்று சொல்கிற திலாப்பியா. ஆபிரிக்காவில் பிறந்ததற்கு யப்பான் என்று எப்படிப் பெயர் வந்ததோ! அது பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதிர்ஷ்டம் எல்லா முறையும் அப்படி அமையாது.

சரி, மீன் வேண்டாம், முறையையாவது செய்து பார்க்கலாமா என்றால், பாருங்கள், ஆனால் நிறைய எதிர்பார்க்காதீர்கள். யப்பான் மீன் பாசியும் அடிச்சேறும் மேய்வது, தகட்டின் பின்னால் ஓடி வராது. அதற்கு மிதப்பும் மண்புழுவும் போதும். விரால் துரத்திக் கவ்வுகிற மீன்தான், ஆனால் அது நிற்பது அலைகரையில், புல்லுக்குள்ளும் தாமரைக்குள்ளும், படகு இழுக்கிற திறந்த தண்ணியில் அல்ல. கரையில் நின்று ஒரு றப்பர்த் தவளையை இலைகளுக்கு மேலே எறிந்து இழுத்துப் பாருங்கள், பெட்டியில் அது இருந்தால் அந்த ஒன்றுக்காகவே மாமாவின் மகனுக்கு நன்றி சொல்லலாம்.

கேள்வி (முல்லைத்தீவுத் தொழிலாளி ஒருவர்): இந்த ட்ரோலிங் என்பது இந்திய றோலர் செய்வதுதானே? அது இங்கே தடை அல்லவா?

பதில்: பெயர் மட்டும்தான் கிட்டக் கிட்ட. றோலர் இழுப்பது மடி, கடலின் அடியைச் சுரண்டி முட்டை, குஞ்சு, பாசி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவது. அந்த இழுவைமடியைத்தான் 2017-ல் கடற்றொழில் சட்டத்தைத் திருத்தித் தடை செய்தார்கள். ட்ரோலிங் என்பது ஒரு நூல், ஒரு முள், கடித்தால் ஒரு மீன். நீங்களே அறக்குளாவுக்கும் சீலாவுக்கும் ஓடுகிற படகின் பின்னால் தூண்டில் விட்டு இழுத்திருப்பீர்கள், அதுதான் இது. வன்னியில் இந்த வித்தை பலிக்கிற இடம் குளமல்ல, உங்கள் கடல்தான் என்பேன். வேகம்தான் வேறு. அறக்குளாவுக்குப் படகு நன்றாக ஓடவேண்டும், கொக்கனிக்கு மணிக்கு இரண்டு கிலோமீற்றர் அளவு, வயதானவர் நடையை விட மெதுவாக.

இணையத்தில் ஆளை ஆள் சீண்டுவதற்கும் ட்ரோல் என்றுதான் சொல்கிறார்கள். மினுங்குகிற ஒன்றை முன்னால் ஆட்டிக்கொண்டு போய் யார் கோபத்தில் கவ்வுகிறார்கள் என்று பார்ப்பதால் அந்தப் பெயரும் பொருத்தம்தான்.

கேள்வி (ஒட்டுசுட்டான் பக்கத்து இளைஞர்கள்): முத்தையன்கட்டில் கூட்டாளிகளாக வள்ளத்தில் போய்ப் பின்னால் தூண்டில் இழுக்க நினைக்கிறோம். ஐந்து பேர். ஏதாவது புத்திமதி?

பதில்: ஐந்து பேர் என்றால் முதல் புத்திமதி, இரண்டு தரமாகப் போங்கள். குளத்துத் தோணி இரண்டு பேரும் வலையும் ஏறக் கட்டினது, ஐந்து பொடியள் ஏறி ஆளுக்கொரு தடியை நீட்டினால் முதலில் சிக்குவது உங்கள் நூல்கள்தான். ஒருவர் துடுப்பு, ஒருவர் தூண்டில், மூன்றாமவர் வேண்டுமென்றால் தேத்தண்ணிப் போத்தல். மிதவை அங்கி இல்லாமல் ஏறாதீர்கள், நீந்தத் தெரியும் என்பவனைத்தான் முதலில் போடச் சொல்லுங்கள்.

நான் சொந்தமாகப் பட்டதையும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் வவுனிக்குளத்தில் ஒரு விடியப்புறம், கூட்டாளி துடுப்புப் போட நான் பின்னால் ஒரு சுழல் தகட்டை விட்டுக்கொண்டு பெரிய மனிதன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். முதல் இழுவையிலேயே பெரிய கனம். நான் எழுந்து நிற்க வள்ளம் ஆட, கூட்டாளி கெட்ட வார்த்தையில் திட்ட, கடைசியில் பார்த்தால் தண்ணிக்குள் நிற்கிற பட்ட மரத்தின் அடிக்கட்டை. வன்னிக் குளங்கள் காட்டை மூழ்கடித்த குளங்கள் என்பது அப்போது மறந்துபோய்விட்டது. நூலை அறுத்துவிட்டு இரண்டாவது தரம் இழுத்தேன், அது இன்னும் கனமாக, ஆனால் மெத்தென்று வந்தது. யாரோ இரவு கட்டிவிட்டுப் போன வலை. முள்ளைக் கழற்றப் போய் ஒரு பாகம் வரை கிழித்துவிட்டேன். வலைக்காரர் கரையில்தான் நின்றார், ஒரு வார்த்தையும் பேசவில்லை, பேசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். வலைக்காசைக் கொடுத்தேன். அவர் அன்று பிடித்ததில் நாலு யப்பான் மீனை என் பைக்குள் போட்டு அனுப்பினார்.

ஆகவே போவதற்கு முதல் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தாரிடம் கேளுங்கள், வலை எங்கே கட்டியிருக்கிறது, கட்டை எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும், அந்தக் குளத்தில் சீவிக்கிறவர்களும் அவர்கள்தான். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது முழங்கால் தண்ணிக்குள் கண்ணை மூடிக்கொண்டு குதிக்காதீர்கள். முதலை இருக்கிறது, அதற்கு உங்களைத் துரத்தத் தகடு எதுவும் தேவையில்லை.

கேள்வி (முள்ளியவளையிலிருந்து ஒரு தாய்): ஐயா, என் மகன் கனடாவில் அந்த ஒக்கனகன் ஏரிக்கரையில் உள்ள கெலோனா என்ற ஊரில் படிக்கிறான். கூட்டாளிகளோடு ஏரியில் பிடித்ததென்று ஒரு மீனின் படம் அனுப்பினான், வெள்ளி மாதிரி வடிவான மீன். பிறகு புரட்டாதியில் அதே மீன் என்று இன்னொரு படம். உடம்பு இரத்தச் சிவப்பு, தலை பச்சை, முதுகு கூன், வாய் கிளிமூக்கு. நோய் மீனா? சாப்பிடலாமா? பாதி மீன் படகுக்கு வரமுதல் கழன்று போகிறது என்றும் சொல்கிறான்.

பதில்: அம்மா, நோய் ஒன்றும் இல்லை, கலியாணக் கோலம். கொக்கனி என்பது சொக்கை என்கிற சாமன் சாதியில், கடலுக்கே போகாமல் ஏரியில் வாழ்ந்து முடிக்கிற மீன். மூன்று நான்கு வயதில் முட்டையிடுகிற காலம் வந்தால் இப்படி நிறம் மாறி, ஆற்று வாயில் ஏறி, முட்டையிட்டு, அத்தோடு செத்துப்போகும். மகன் இரண்டாவது படத்தை மிஷன் கிறீக் ஓடையில் எடுத்திருப்பான், கெலோனாவில் புரட்டாதி ஐப்பசியில் சனம் பிள்ளைகளோடு அங்கே பார்க்கப் போகும். கொக்கனி என்ற பெயரே அந்த மண்ணின் பழங்குடி மக்களின் சொல்தான். அந்தச் சிவப்பு மீனைத் தின்ன ஆசைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், உடம்பில் இருந்த கொழுப்பெல்லாம் முட்டைக்குப் போய்ச் சதை சவசவத்திருக்கும். கோடையில் பிடிக்கிற வெள்ளி மீன்தான் சாப்பாட்டுக்கு.

கழன்று போவதற்குக் காரணம் அதன் வாய். நனைந்த அப்பளம் மாதிரி. எங்கள் ஆட்கள் விரால் பிடித்த பழக்கத்தில் கடித்தவுடன் வெட்டி இழுப்பார்கள், கொக்கனியிடம் அது சரிவராது, வாய் கிழிந்து முள் மட்டும் வரும். நன்றாக வளைகிற மெல்லிய தடி வேண்டும், சுருளின் பிடியைத் தளர்த்தி விடவேண்டும், நூல் தொய்யாமல் ஒரே சீராகச் சுற்றவேண்டும், படகுக்குக் கிட்ட வந்ததும் தூக்காமல் கூட்டாளி கைவலையைத் தண்ணிக்குள் வைத்து ஏந்தவேண்டும். கூட்டாளிகளோடு போவதன் அருமை அந்த ஒரு நிமிடத்தில்தான் தெரியும். படகை நேர்கோட்டில் ஓட்டாமல் பாம்பு போகிற மாதிரி வளைத்து ஓட்டச் சொல்லுங்கள். வளைவின் உட்பக்கத்துத் தூண்டில் மெதுவாகித் தாழும், வெளிப்பக்கத்தது வேகம் பிடித்து மேலே வரும். எந்தப் பக்கம் கடிக்கிறதென்று பார்த்தால் வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரிந்துவிடும். லைசன்ஸ் எடுக்கவேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை மீன், எந்த மாதம் எங்கே என்பதெல்லாம் வருடா வருடம் மாறும் என்பதால் அந்த வருடத்து விதிகளைப் பார்க்கவும் சொல்லுங்கள்.

சமையல் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நிவாரணத்தில் சமன் என்று நாங்கள் வாங்கித் தின்ற ரின்னுக்குள் பெரும்பாலும் இருந்தது சாமனே அல்ல, வேறு கடல் மீன். கொக்கனி உண்மையான சாமன், சதை செம்மஞ்சள், எண்ணெய் உள்ளது. தேங்காய்ப்பால் நிறைய விட்டால் திகட்டும். புளிக் குழம்பாக வைத்தால் எங்கள் அறக்குளாவுக்குக் கிட்ட நிற்கும். மகனுக்குக் கறித்தூள் பார்சல் அனுப்பும்போது கொஞ்சம் பழப்புளியும் சேர்த்து வையுங்கள்.