வாசகர் கேள்வி பதில்: அரசாங்கம் மாறினால் அரசும் மாறுமா?

கேள்வி: பி.ஏ. அரசியல் அறிவியல் முதல் வருடம் படிக்கிறேன் சார். முதல் பாடத்திலேயே அரசு, அரசாங்கம், இறையாண்மை, அதிகாரம் என்று வரிசையாக வருகிறது, எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது. மனப்பாடம் செய்து எழுதிவிடலாம், ஆனால் புரியவில்லை.
- கல்லூரி மாணவர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: மனப்பாடம் வேண்டாம் தம்பி. எது மாறியது, எது மாறாமல் நின்றது என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் போய்விடும். 2021 மே மாதம் உங்கள் மாவட்டத்துக்காரரான எடப்பாடி பழனிசாமி முதல்வர் பதவியிலிருந்து இறங்கி மு.க.ஸ்டாலின் வந்தார். மாறியது அரசாங்கம். உங்கள் வீட்டுப் பட்டா செல்லாமல் போனதா, கோர்ட்டில் நடந்துகொண்டிருந்த வழக்கு நின்றதா? அப்படி ஆட்சிகள் வந்து போனாலும் நிலைத்திருக்கும் அமைப்புதான் அரசு. மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை என்று அதற்கு நான்கு கூறுகள் சொல்வார்கள், அரசாங்கம் அதில் ஒன்றுதான்.

எல்லோரும் தடுமாறுவது இறையாண்மையில், அதாவது தனக்கு மேல் யாருக்கும் கட்டுப்படாமல் கடைசி முடிவை எடுக்கும் உரிமையில். அதற்குச் சேலத்து வரலாறே கைகொடுக்கும். ஒரு காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார் (அப்போது முதல்வரை அப்படித்தான் சொன்னார்கள்), அக்டோபர் 1 அன்று மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். தேர்தலில் ஜெயித்த அமைச்சரவை, சட்டசபை, சட்டம், அதை அமல்படுத்தப் போலீஸ், எல்லாம் இருந்தன. ஆனால் 1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ இவர்களில் ஒருவரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார், அடுத்த மாதமே ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. அரசாங்கம் சென்னையில் இருந்தது, இறையாண்மை லண்டனில் இருந்தது. இந்த ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், தேர்வில் எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் எழுதிவிடுவீர்கள்.

அப்புறம் அதிகாரம். ஐந்து ரோட்டில் போக்குவரத்துக் காவலர் கை காட்டினால் லாரி நிற்கிறது, கத்தியைக் காட்டி ஒருவன் மறித்தாலும் நிற்கிறது. இரண்டாவது வெறும் பலம். முதலாவதை ஓட்டுநர் முறையானது என்று ஏற்று நிறுத்துகிறார், அந்த ஏற்பு சேர்ந்த பலமே அதிகாரம். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1919-இல் ஆற்றிய உரையில் அரசை விளக்கியதும் இதை வைத்துத்தான்: ஒரு நிலப்பரப்புக்குள் முறையான வன்முறைக்குத் தானே ஏகபோக உரிமையாளர் என்று வெற்றிகரமாகக் கோரும் அமைப்பு அரசு. எனக்குப் பிடித்த விளக்கம் இதுதான், ஏனென்றால் லத்தி எடுப்பவர் யார், எடுக்கும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தது என்று கேட்க வைக்கிறது.

கேள்வி: ஏற்காடு தனித்தொகுதி. அப்படியானால் பழங்குடியினர் மட்டும்தான் ஓட்டுப் போட முடியுமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: இல்லையம்மா, தொகுதியின் வாக்காளர் எல்லோரும் போடலாம். வேட்பாளர் மட்டும் பழங்குடியினராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டு மட்டுமே இப்படிப் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை. நீங்கள் நினைப்பது 1909 சட்டத்தில் முஸ்லிம்களுக்குக் கொடுத்ததுபோன்ற தனி வாக்காளர் தொகுதி. அதை நம் அரசமைப்புச் சட்டம் ஏற்கவில்லை, 325-ஆவது பிரிவின்படி ஒரு தொகுதிக்கு ஒரே பொது வாக்காளர் பட்டியல்தான். அதனால் மலையில் இருக்கிற வேட்பாளர் கீழே இறங்கி வாழப்பாடிப் பக்கமும் ஓட்டுக் கேட்டாக வேண்டும்.