மழையில் ஒட்டும், பனியில் வெடிக்கும் உறை

கேள்வி: உதகையில் வர்க்கியும் சாக்லேட்டும் செய்து விற்கிறோம். பிளாஸ்டிக்குக்கு மாற்றாக, ஜெலட்டினில் கிளிசரின் சேர்த்துச் செய்த மட்கும் உறைகளை வாங்கினோம். ஜூலை மாதத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஜனவரியில் மடித்த இடத்திலேயே வெடித்தன. கிளிசரினைக் குறைத்துச் செய்யச் சொல்லலாமா?
– வாசகி, உதகை

பதில்: குறைத்தால் ஜூலைத் தொல்லை சற்றுத் தணியும், ஆனால் ஜனவரித் தொல்லை கூடிவிடும்.

ஜெலட்டின் ஒரு புரதம். புரதத்தை மட்டும் கரைத்து வார்த்த படலம் காய்ந்ததும் அப்பளம்போல் நொறுங்கும். புரதச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதே காரணம். சிறிய மூலக்கூறான கிளிசரின் இடையில் புகுந்து அப்பிணைப்புகளில் சிலவற்றைத் தன்பால் ஈர்த்துக்கொள்வதால், சங்கிலிகள் நகர இடம் கிடைத்துப் படலம் வளைகிறது. இப்படி வளையச் செய்யும் பொருளே நெகிழ்வூட்டி. புரத எடையில் 20 முதல் 40 சதவீதம் வரை சேர்ப்பது வழக்கம். ஆனால் நெகிழ்ச்சி கூடும் அளவுக்கு உறுதி குறையும்; நீராவியும் எளிதில் ஊடுருவும்.

கிளிசரின் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அந்த நீரும் ஒரு நெகிழ்வூட்டியே என்பதுதான் இங்கு முக்கியம். பருவமழையில் நீர் மிகுந்து படலம் பிசுபிசுக்கிறது. காற்று வறண்ட பனிக்காலத்திலோ, கிளிசரின் அளவு மாறாமலேயே, நீர் வெளியேறிப் படலம் விறைத்துவிடுகிறது.

கிளிசரினில் ஒரு பகுதிக்குப் பதிலாக, சர்க்கரை வகையைச் சார்ந்த இன்னொரு நெகிழ்வூட்டியான சார்பிட்டால் சேர்த்துத் தரக் கேளுங்கள். பெரிய மூலக்கூறான அது ஈரத்தைக் குறைவாகவே ஈர்க்கும், உறுதியும் கூடும். முழுவதும் சார்பிட்டாலாக்கினால் வளைவு குறையும், நாள்பட அது மேற்பரப்பில் வெண்மையாகப் படிகமாகவும் கூடும். தேன்மெழுகு கலந்தால் நீராவி ஊடுருவுவது குறையும். இவை எதுவும் படலம் மட்குவதைக் கெடுப்பதில்லை. நுண்ணுயிர்கள் கிளிசரினையும் சார்பிட்டாலையும் உண்ணக்கூடியவையே.

ஆனால் வர்க்கிக்கு இந்த உறை மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. எந்த நெகிழ்வூட்டி சேர்த்தாலும் புரதப் படலம் ஈரத்தை முழுதாகத் தடுக்காது, வர்க்கி நமத்துவிடும். மொறுமொறுப்பே அதன் உயிர் என்பதால் அதை மூடி இறுகிய தகர டப்பாவிலேயே விற்றுவாருங்கள். சாக்லேட்டுக்கு நிலைமை வேறு. புரதப் படலம் கொழுப்பைக் கசியவிடாது. உலர்ந்த நிலையில் ஆக்சிஜனையும் நன்கு தடுக்கும். அதை உள்ளுறையாக்கி, வெளியே அட்டைப்பெட்டி வையுங்கள். மழை மாதங்களில் பயன்படுத்தாத உறைகளையும் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது அவசியம்.

ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து கிடைப்பது என்பதை வாங்குவோருக்குத் தெரிவித்துவிடுங்கள். சைவ உறை வேண்டுமெனில் சோயா புரதம் உண்டு. அதற்கும் இதே நெகிழ்வூட்டிகள்தாம், ஈரத்தால் வரும் இதே தொல்லைதான்.