வீட்டு நீச்சல் குளத்துக்குச் செலவு குறைந்த அடைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கையிலுள்ள பணத்துக்குக் கூரை, வேலி இரண்டில் ஒன்றுதான் முடியும். வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். எதை முதலில் செய்வது? (வாசகி, கோவை)

வேலியைப் போடுங்கள், அம்மா. இதில் யோசிக்க எதுவும் இல்லை. வேலி நான்கடிக்குக் குறையாமலும், நிமிர்ந்து நிற்கும் கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இல்லாமலும் இருக்கட்டும். படுக்கைவசக் கம்பிகள் குழந்தைக்கு ஏணிப்படியாகிவிடும். கதவு குளத்துக்கு எதிர்ப்புறமாகத் திறந்து, கையை விட்டதும் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் ஐந்தடி உயரத்தில் இருப்பது நல்லது. மூன்று பக்கம் வேலியிட்டு, நான்காவது பக்கம் வீட்டுச் சுவர்தானே என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தை வெளியே வருவதே அந்தச் சுவரில் உள்ள பின்கதவு வழியாகத்தான். நீரின் மேல் மிதக்கும் பபிள் ஷீட் வேலிக்கு மாற்றாகாது. குழந்தை கால் வைத்ததும் அது உள்வாங்கி, பிறகு தலைக்கு மேல் மூடிக்கொள்ளும்.

வேப்பிலையும் வெயிலும்தான் எங்கள் தொல்லை. ஷேட் நெட் போதுமா? (மதுரை)

போதும். வெயில் நேரடியாகப் படும் நீரில், நிலைப்படுத்தும் மருந்து சேர்க்காவிட்டால், குளோரின் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலும் வீணாகிவிடும். 75 சதவீத நிழல் வலை அந்தச் செலவையும் மிச்சப்படுத்தும். இலை நடுவில் தேங்காதபடி சரிவாகக் கட்டுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வீட்டில் 30-க்கு 15 அடியில் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நிறுத்தி, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் ஷீட்டால் கூரை போட விரும்புகிறோம். எங்கே சிக்கனம் பிடிக்கலாம்? (சென்னை)

ஷீட்டில் பிடிக்கலாம், அடித்தளத்தில் கூடாது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 சென்னைக்குக் குறிப்பிடும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம். உங்கள் கூரை அளவுக்குப் பெருக்கினால் ஆறு டன்னைத் தாண்டும். கூரையை மேலே பிடுங்கப் பார்க்கும் அந்த விசையை, தரை டைல்ஸில் துளையிட்டு முடுக்கிய போல்ட் தாங்காது. ஒவ்வொரு காலுக்கும் கான்கிரீட் குழி அவசியம், அதன் அளவைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுத் தரட்டும்.

அடுத்தது துரு. கடலோர வீடு ஒன்றில் பழைய கூரையைப் பார்க்க அழைத்திருந்தார்கள். ஷீட் பளிச்சென்று இருந்தது, பெயின்ட் உரியவில்லை, ஆனால் காலின் அடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தியதும் பைப்புக்குள் இறங்கிவிட்டது. வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோன இடத்தில், திறந்த பைப் முனை வழியாக ஈரமும் புகுந்து உள்ளிருந்தே அரித்திருந்தது. ஆகவே துண்டுகளை முன்கூட்டியே வெட்டித் துளையிட்டு, பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்து, இடத்தில் போல்ட் போட்டு மட்டும் பூட்டுவதே சிறந்தது. அதற்கு வழியில்லையென்றால் வெல்டிங் இடங்களைத் தேய்த்து, துத்தநாகம் மிகுந்த பிரைமர் பூசி, பைப் முனைகளை அடைத்துவிடுங்கள்.

ஷீட்டின் யூ.வி. பூச்சு (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு) உள்ள பக்கம் வெயிலைப் பார்க்க வேண்டும். மேலுள்ள பாதுகாப்புத் தாளில் அது அச்சிடப்பட்டிருக்கும், எனவே பொருத்தும்வரை அதைக் கிழிக்க விடாதீர்கள். வெயிலில் மீட்டருக்கு 3 மி.மீ. வரை ஷீட் நீளும் என்பதால் திருகாணித் துளை சற்றுப் பெரிதாக இருக்கட்டும்.

சுற்றிலும் முழுதாக மூடிவிடலாமா? (திருச்சி)

வேண்டாம். குளோரின் கலந்த ஈரக் காற்று கண்ணையும் மூச்சையும் உறுத்துவதோடு உலோகத்தையும் தின்னும். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985-இல் உள்ளரங்க நீச்சல் குளத்தின் தொங்கும் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளே குளோரைடு அரிப்பால் விரிசல் கண்டு முறிந்திருந்தன. கூரை முகட்டிலும் பக்கவாட்டின் அடியிலும் திறப்பு விடுங்கள். குளோரின் பொடியையும் ஆசிட் கேனையும் அடைப்புக்குள் வைக்காதீர்கள், ஒரே அறையிலும் சேர்த்து வைக்காதீர்கள்.